வெக்கையில் இல்லாத பஞ்சமி நிலம்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் வாசிப்பு வட்டத்தைத் தென்காசியில் நடத்த முடியாது. மற்ற மாதங்களில் ஒரு தோழர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். ஐந்தாறு கிலோமீட்டரில் குற்றாலத்தை வைத்துக்கொண்டு, ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து நாவல் பேசலாம் என்று கூப்பிட்டால் யார் வருவார்? அதனால் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு நாங்களும் அருவிக்குப் போய்விடுவோம். குளித்துவிட்டு, புளிச்சோறும் கானத்துவையலும் தின்றுவிட்டு, ஈரத்தலையோடு பேசுகிற பேச்சுக்கு ஒரு ருசி உண்டு.

போன சாரலில் பழைய குற்றாலத்துக்கு ஏழு பேர் போயிருந்தோம். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், நர்சிங் படிக்கும் தங்கை ஒருத்தி, பீடி சுற்றிக்கொண்டே பி.எட். முடித்த ஆலங்குளத்து அக்கா, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் கடையநல்லூர்த் தம்பி, மீதிப் பேர் எங்களைப் போல வேலை தேடிக்கொண்டு இருப்பவர்கள். அன்றைய தலைப்பு, நாவலாக இருந்து படமானவை. எங்களுக்கு ஒரே ஒரு விதிதான். புத்தகத்தைப் படிக்காதவர் படத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஐந்து நிமிடத்தில் அந்த விதி அருவியோடு போய்விட்டது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

முதலில் வந்தது பொன்னியின் செல்வன். 1950இல் இருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்த கதை. கல்கிக்கும் குற்றாலத்துக்கும் தொடர்பு உண்டு. அவருடைய நண்பர் ரசிகமணி டி.கே.சி. இங்கேதான் வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைப் பார்க்க வந்து போனவர்கள். மணிரத்னம் அந்த ஐந்து பாக நாவலை 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாக எடுத்தார். சேர்த்துப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம்.

எங்களில் மூன்று பேர் நாவலை முழுதாகப் படித்தவர்கள். ரசித்துத்தான் படித்தோம், அதைச் சொல்ல வெட்கம் இல்லை. வந்தியத்தேவன் வாயடிப்பதும் ஆழ்வார்க்கடியான் தடியைச் சுழற்றுவதும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அவ்வளவு பெரிய நாவலில் எங்கள் நினைவில் நிற்கும்படி ஒரு சேரி வாசல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. கல்லில் இருப்பது கதையில் இல்லை. கதையில் இல்லாதது படத்தில் எப்படி வரும்? 2019 ஜூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித், ராஜராஜன் காலத்து நிலம் பற்றிப் பேசியதற்காக அவர் மீது வழக்குப் போட்டார்கள். சோழர் பெருமையை ஐந்தரை மணி நேரம் பேசலாம். சோழர் காலத்துச் சேரியை ஐந்து நிமிடம் பேசினால் வழக்கு வரும்.

நர்சிங் தங்கைக்கு வேறொரு கோபம். "பூங்குழலிய எங்கக்கா விட்டாவ?" என்று கேட்டாள். நாவலைப் படித்தவர்களுக்கு அவள் கேள்வி புரியும். கோடிக்கரையில் படகு விடும் பெண் பூங்குழலி. ராணியாக வேண்டும் என்று ஆசைப்பட்டதற்காக ஏளனம் கேட்டவள். கல்கி கடைசியில் அவளை உண்மையிலேயே ராணியாக்கிவிடுகிறார். அவள் கட்டிக்கொண்ட பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் அசல் இளவரசன் என்று தெரிகிறது, உத்தம சோழனாக முடி சூட்டிக்கொள்கிறான். படத்தில் அந்தத் திருப்பமே இல்லை. படகுக்காரி படகோடு நின்றுவிட்டாள். நேரம் போதவில்லை என்று காரணம் சொல்லலாம். நேரம் போதாதபோது முதலில் யாரை இறக்கிவிடுகிறோம் என்பதுதான் எங்கள் கேள்வி. பஸ்ஸிலும் அப்படித்தான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் எங்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். முதல் பாகம் வெளியானது 2022 செப்டம்பர் 30. அதே செப்டம்பரில்தான் எங்கள் தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊர்க்கட்டுப்பாடு, உங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தரமாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வீடியோ ஊரெல்லாம் பரவிய பிறகுதான் வழக்கும் கைதும் நடந்தன. கட்டுப்பாடு என்றால் என்ன என்று அந்தச் சின்னப் பையன் கேட்ட முகம் எங்களுக்கு மறக்கவில்லை. அந்த வாரம் செல்போனைத் திறந்தால் ஒரு பக்கம் அந்தப் பையன், மறு பக்கம் சோழர் கொடி. படம் எடுத்தவர்களை இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தக் காலத்துக் கதையைத் தமிழ்நாடு பணம் கொட்டிப் பார்க்கிறது, எந்தக் காலத்துக் கதையை ஒரு நிமிட வீடியோவாகத் தள்ளிவிடுகிறது என்று நாங்கள் அப்போது கவனித்தோம்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்குச் சினிமா புதிது அல்ல. ரோஜா படத்து நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசியில் இருந்து சுரண்டை போகிற பக்கம். அந்நியன் படத்தின் ஒரு பாட்டுக்காக அந்த ஊர்ப் பாறையில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். இருபது வருடம் ஆகியும் அது அந்நியன் பாறைதான். சூரியகாந்தி பூக்கும் காலத்தில் கேரளத்தில் இருந்து வேன் வேனாக வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பாறை சினிமாவில் இருக்கிறது, அருவி இருக்கிறது, சூரியகாந்தி இருக்கிறது. அந்தச் சூரியகாந்தியில் களை வெட்டுகிறவர்களின் கதை?

இதே தென்காசிப் பக்கத்தில்தான் மீனாட்சிபுரமும் இருக்கிறது. 1981 பிப்ரவரி 19ஆம் தேதி, சாதி தாங்க முடியாமல் தலித் குடும்பங்கள் ஊராகச் சேர்ந்து இஸ்லாத்துக்குப் போன ஊர். டெல்லியில் இருந்தெல்லாம் தலைவர்கள் ஓடி வந்தார்கள். அன்வர் பாலசிங்கம் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' என்ற நாவலை எழுதினார். அந்தக் கதையைத் திரையில் பார்க்க நாங்கள் இன்னும் காத்துக்கொண்டு இருக்கிறோம்.

நாவல் படமாகும்போது ஆளே மாறிப்போவதும் உண்டு. அதற்குச் சட்டக் கல்லூரித் தோழர் எடுத்துக்கொண்டது பரதேசி. 2013இல் பாலா எடுத்தது. பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ரெட் டீ நாவலின் வழியில் வந்த படம். தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று மொழிபெயர்த்திருக்கிறார். இதைப் படிக்கும் மாணவத் தோழர்கள் படத்தைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையில் இருந்து கங்காணியின் பேச்சை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். முன்பணம் கடனாகிறது, கடன் விலங்காகிறது, மலேரியாவில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். அதை எழுதியவர் அந்தத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர், தோட்ட ஊழியர் சங்கத்தைத் தொடங்கியவர். நாவலில் ஆபிரகாம் என்று ஒரு மருத்துவர் வருகிறார். தோட்டத்து மக்களை மனிதராகப் பார்த்த முதல் படித்த ஆள் அவர்தான்.

படத்தில் அந்த இடத்தில் யார் வந்தார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத்துவம் பார்ப்பதைவிட மதம் மாற்றுவதில் அக்கறையான, ஆட்டம் பாட்டம் போடுகிற ஒருவர். தொழிலாளிக்காக நின்ற ஒரு மருத்துவர் எழுதிய புத்தகத்தை எடுத்து, அந்த மருத்துவரையே கோமாளியாக்கியது எங்களுக்கு இன்றும் ஆறவில்லை. படத்தின் படப்பிடிப்பும் நடிப்பும் நன்றாகவே இருந்தன. கடைசிக் காட்சியில் நாங்களும் அழுதோம். ஆனால் அழ வைப்பது வேறு, யாரால் அழுகிறோம் என்று காட்டுவது வேறு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தேயிலை பழைய கதை இல்லை. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில், தாமிரபரணியில் ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். 2024இல் அந்தத் தோட்டத்தையே மூடி, மூன்று நான்கு தலைமுறையாக மலையில் இருந்தவர்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். ஏற்றிவிட்ட கதைக்கு ஒரு நாவலும் ஒரு படமும் இருக்கின்றன. இறக்கிவிட்ட கதையை யாராவது எழுத வேண்டும். எங்கள் வட்டத்தில் ஒருவருடைய அத்தை குடும்பம் அங்கே இருந்தது. அந்த நாவலை நீயே எழுது என்று அன்று அவரிடம் சொல்லிவிட்டோம். சிரித்தார். மறுக்கவில்லை.

இதற்குள் சோறு காலி. மங்குஸ்தான் விற்பவரிடம் பேரம் பேசி ஒரு கிலோ வாங்கினோம். அதை உடைத்துத் தின்றுகொண்டே அக்கா ஆரம்பித்தார்.

"நீங்க எல்லாரும் எடுத்தவன் யாரு, எழுதினவன் யாருன்னே பேசுதிய. எந்த நாவலை எடுக்கவே இல்லன்னு யோசிச்சியளா?"

யாருக்கும் பதில் வரவில்லை. அக்காவே எண்ண ஆரம்பித்தார். சிவகாமியின் பழையன கழிதலும் 1989இல் வந்தது. பாமாவின் கருக்கு 1992, சங்கதி 1994. பக்கத்து விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டிப் பெண் எழுதியது. இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994. ஊர்த் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. எல்லாம் வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. "படத்துல நம்ம பொம்பளையளுக்கு என்ன வேலை? செருப்புப் போட்டா அடிவாங்கணும். ரோட்டுல கெடந்து சாகணும். அதப் பாத்து அண்ணனோ மாமனோ ஹீரோ ஆகணும். பாமா கதையில பொம்பளைய சிரிப்பாளுவ, ஏசுவாளுவ, பாட்டுக் கட்டுவாளுவ. அத எவன் எடுப்பான்?"

ரோட்டில் சாவது கர்ணன் படத்தின் முதல் காட்சி. பஸ் நிற்காத ஊரில் வலிப்பு வந்து விழுந்து கிடக்கும் சின்னப் பெண்ணைத் தாண்டி வண்டிகள் போகும். செருப்பு அசுரனில். இரண்டும் எங்களுக்குப் பிடித்த படங்கள். அக்காவுக்கும் பிடித்தவைதான். பிடித்த படத்தைத்தான் இப்படிக் கேட்க முடியும்.

சின்னப் படங்கள் இதைக் கொஞ்சம் நன்றாகச் செய்கின்றன என்று தங்கை சொன்னாள். பெருமாள்முருகனின் வறுகறி சிறுகதையில் இருந்து தமிழ் என்ற இயக்குநர் எடுத்த சேத்துமான் 2022இல் ஓடிடியில் வந்தது. ஒரு தாத்தா, ஒரு பேரன், ஒரு பன்றி. தாத்தாவுக்குப் பேரன் படித்து ஆளாக வேண்டும். பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் பண்ணையாருக்குத் தான் தின்பது வெளியே தெரியக்கூடாது. நாக்குக்கு வேண்டும், பேருக்கு வேண்டாம். சாதியை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? அந்தப் படத்தை எங்களில் இரண்டு பேர்தான் பார்த்திருந்தோம். பெரிய படத்துக்கு முதல்நாள் முதல்காட்சிக்கு ஓடுகிற நாங்களும் இதில் குற்றவாளிகள்தான்.

வாழை வந்தபோது நடந்ததையும் பேசினோம். 2024 ஆகஸ்டில் படம் வெளியானதும், எழுத்தாளர் சோ. தர்மன் தன்னுடைய வாழையடி சிறுகதையும் இதே வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகளின் கதைதான் என்று சொன்னார். மாரி செல்வராஜ் அந்தக் கதையைத் தேடிப் படித்து, எல்லோரும் படியுங்கள் என்று வெளியிட்டார். இது தன் சொந்தச் சிறுவயது என்பது அவர் நிலை. அன்று இணையத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு இதில் கட்சி கிடையாது. ஒரே வாழைத்தோட்டத்தில் ஆயிரம் பிள்ளைகள் தார் சுமந்தால், பத்துப் பேர் அதை எழுதத்தான் செய்வார்கள். பத்தும் ஒன்றுபோல இருந்தால் அது கதைத் திருட்டு ஆகிவிடுமா? பிள்ளைகளின் கழுத்தெலும்பு எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் வலிக்கும். ஆனால் சண்டை நடந்ததால் ஒரு நல்லது நடந்தது. பல பேர் அன்றுதான் சோ. தர்மனை முதன்முதலாகப் படித்தார்கள்.

கடைசியாக அசுரன். இதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தோம்.

பூமணியின் வெக்கை 1982இல் வந்த நாவல். எங்கள் கரிசல் சீமைக்காரர், கோவில்பட்டிப் பக்கம் ஆண்டிபட்டி. தீப்பெட்டி ஆலைப் பிள்ளைகளைப் பற்றிக் கருவேலம்பூக்கள் என்று தானே ஒரு படமும் இயக்கியவர். தன்னைத் தலித் எழுத்தாளர் என்று பெயர் வைத்து அழைப்பதை அவர் ஏற்பதில்லை. வெக்கையிலும் யார் என்ன சாதி என்று வெளிப்படையாக எழுதவில்லை. அண்ணனைக் கொன்ற வடக்கூரானைச் சிதம்பரம் என்ற 15 வயதுப் பையன் வெட்டிவிட்டு ஓடுவதில் கதை தொடங்குகிறது. அப்புறம் அப்பனும் மகனும் காடும் ஓடையுமாக ஒளிந்து திரிகிறார்கள். சோறு பொங்கித் தின்கிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள், கடைசியில் கோர்ட்டுக்குச் சரணடையப் போகிறார்கள். ஒரு பையனின் கண்ணில் இருந்து பார்க்கிற கதை அது.

2019 அக்டோபரில் வெற்றிமாறன் அதை அசுரனாக எடுத்தார். சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகர் என்று தேசிய விருதுகளும் கிடைத்தன. சட்டக் கல்லூரித் தோழருக்கு இதில் பெரிய வருத்தம். "நாவல் பையனோடது தோழர். படம் அப்பனோடது ஆயிட்டு. நாவல்ல அப்பனுக்கு இம்புட்டுச் சண்டையே கெடையாது. பயந்து, யோசிச்சு, மகனக் காப்பாத்துத ஒரு சம்சாரி. அவர ஹீரோ ஆக்கிட்டாவ." அவர் சொல்வது நியாயம். இடைவேளைச் சண்டைக்கு நாங்கள் விசில் அடித்தோம் என்பதும் உண்மை. விசில் அடித்த வாயால் எப்படிக் குறை சொல்வது என்று கொஞ்ச நேரம் சிரித்தோம்.

படத்தில் சேர்ந்தது சண்டை மட்டும் இல்லை. சிவசாமியின் இளமைக் கதை முழுவதும் படத்துக்காக எழுதியது. பஞ்சமி நிலம் கேட்டுப் போராடுவது, செருப்புப் போட்ட பெண்ணை அடிப்பது, குடிசைகளை ஆட்களோடு கொளுத்துவது. அந்தத் தீயைப் பார்த்தால் 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் கருகிய 44 பேரும் நினைவுக்கு வருவார்கள். கீழ்வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி குருதிப்புனல் எழுதினார். சாகித்திய அகாதமி விருது வாங்கியது. 1983இல் கண் சிவந்தால் மண் சிவக்கும் என்று படமாகவும் வந்தது. ஆனால் பண்ணையாரின் வெறிக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக வைத்தது அந்த நாவல். கூலி கேட்டவனை எரித்ததற்குக் கூலி காரணம் இல்லையாம், நிலம் காரணம் இல்லையாம். அதோடு வைத்துப் பார்த்தால், நாவலில் இல்லாத நிலத்தின் பெயரைத் துணிந்து சொன்ன அசுரன் எங்களுக்குப் பெரிய விஷயம்.

அப்போது கடையநல்லூர்த் தம்பி பேசினான். அதுவரை அவன் வாயே திறக்கவில்லை. வெக்கையை அந்த வாரம்தான் முடித்திருந்தான்.

"நாவல் நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா டீசின்னா என்னன்னு எனக்குச் சொன்னது படந்தான்."

எங்களுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். அவனுடைய பாட்டி உயிரோடு இருந்தவரை, குளத்தங்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு வயலைக் காட்டி, அது நம்ம டீசி நெலம் என்று சொல்லிக்கொண்டே போவாளாம். இவனுக்குத் தெரிந்த டி.சி. பள்ளிக்கூடத்தில் தரும் டி.சி. ஒன்றுதான். தாத்தா யாரையோ பள்ளிக்கூடத்தில் சேர்க்க, டி.சி. வாங்கப் பணம் இல்லாமல் அந்த வயலை அடகு வைத்து இழந்துவிட்டார் போல என்று தானே ஒரு கதை கட்டி வைத்திருந்தான். படம் பார்த்த பிறகு பஞ்சமி நிலம் என்று தேடிப் படித்திருக்கிறான். பிரிட்டிஷ்காரன் காலத்தில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, அதன் பிறகு 1892இல் வந்த உத்தரவு, ஒடுக்கப்பட்ட வகுப்புக்கு என்று நிபந்தனையோடு கொடுத்த நிலம். முதல் பத்து வருடம் விற்கவே கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம். அந்த ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டி.சி. பாட்டி சட்டத்தின் பெயரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். படித்த பேரனுக்குத்தான் விளங்கவில்லை.

அவன் பேசி முடித்தபோது எங்களில் யாரும் மங்குஸ்தானைத் தொடவில்லை.

தமிழ்நாட்டில் இப்படிக் கொடுத்த நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் காலம்காலமாகச் சொல்லி வருகின்றன. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அசுரன் வந்த நேரத்தில் இதெல்லாம் மறுபடி பேச்சுக்கு வரும் என்று நம்பினோம். வரவும் செய்தது. ஸ்டாலின் படத்தைப் பாராட்டினார். உடனே ராமதாஸ், முரசொலி அலுவலகம் இருக்கும் இடமே பஞ்சமி நிலமா என்று கேட்டார். மூலப்பத்திரம் எங்கே என்று மாதக்கணக்கில் டிவியில் சத்தம். இரண்டு கட்சிகள் மோதின. ஒரே ஒரு கட்டிடத்தின் பத்திரத்தைப் பற்றிப் பேசிப் பேசி, 12 லட்சம் ஏக்கரும் காணாமல் போனது. அந்த நேரத்தில் எங்கள் தம்பி பிளஸ் டூ படித்துக்கொண்டு இருந்தான். அவன் வீட்டில் டிவியில் அந்தச் சண்டை ஓடியது. அது தன் குளத்தங்கரை வயலைப் பற்றிய சண்டை என்று அவனுக்குத் தெரியவே இல்லை. அவன் படத்தைப் பார்த்ததே இரண்டு வருடம் கழித்து, நண்பனின் செல்போனில்.

ஜெராக்ஸ் கடையில் நாலு பேரின் மனுவை நகல் எடுத்து எடுத்து அவனுக்கு மனு எழுதப் பழகிவிட்டது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு அலுவலகத்துக்கு எழுதினான். முப்பது நாளைக்கு மேல் ஆகியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டான். விவரம் இந்த அலுவலகத்தில் இல்லை என்று ஒருவரிப் பதில் வந்தது. மறுபடி எழுதினான். இப்படி ஒன்றரை வருடம். அவன் இதைச் சொல்லாமலே எங்களோடு வாராவாரம் வந்து நாவல் பேசிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"ஏலே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று அக்கா கோபித்தார்.

"கெடைக்கட்டும், சொல்லலாம்னு இருந்தேங்க்கா."

பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். நாங்கள் வெக்கையைச் சுற்றிக்கொண்டு வந்த மாதிரியே கவர். உள்ளே ஒரு பழைய நிலப் பதிவேட்டின் நகல். குளத்தின் பெயர், புல எண், ஏக்கர், சென்ட். குறிப்புக் கட்டத்தில் கோணல் எழுத்தில் அந்த இரண்டு எழுத்து. இன்றைய பட்டா வேறு யார் பேரிலோ இருக்கிறது. யார் பேரில், எந்த ஊர் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவன் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. அந்த ஊரில் அவர்கள்தான் நாளைக்கும் குடியிருக்க வேண்டும். அவனுடைய அப்பா அதே வயலில் இன்றைக்கும் நாற்று நடப் போகிறார், கூலிக்கு. இதில் கைவைக்காதடா என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் எங்களுக்குப் புரியும். அசுரன் பார்த்த யாருக்கும் புரியும்.

சாரல் திடீரென்று கூடியது. ஏழு பேரும் குனிந்து அந்தக் காகிதத்துக்கு முதுகால் கூரை போட்டோம். சட்டக் கல்லூரித் தோழர் அதை இரண்டு தடவை படித்தார். அடுத்து யாருக்கு மனு, கலெக்டருக்கா, ஆணையத்துக்கா, யார் யார் கூடப் போவது, அப்பாவிடம் யார் பேசுவது என்று பேச்சு போனது. அன்று அதற்குப் பிறகு சினிமா பேசவில்லை.

நாவலுக்குப் படம் விசுவாசமாக இருக்கிறதா என்று நாங்கள் இத்தனை நாள் கேட்டுக்கொண்டு இருந்தோம். பரதேசி தன் நாவலுக்குத் துரோகம் செய்தது, அது தப்பு என்றோம். அசுரனும் தன் நாவலை மீறத்தான் செய்தது. அது மீறிச் சேர்த்த ஒரு சொல், ஒரு பாட்டி பத்து வருடம் சொல்லிப் புரியாததைப் பேரனுக்குப் புரிய வைத்தது. ஆகவே விசுவாசம் எங்கள் அளவுகோல் இல்லை. மாற்றினாயா, சரி, மாற்றியதால் யார் கைக்கு என்ன வந்தது? தோழர்களே, அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதும்போது நீங்களும் இதைக் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு நாவலையும் படியுங்கள். படித்துவிட்டு, முடிந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போகிறபோக்கில் சொன்ன சொற்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வட்டத்தில் இப்போது அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் டீசி என்று எழுதி, எதிரே அதன் விளக்கமும் எழுதியிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்குக் கருக்கு. அக்கா ஏழு பேருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், படித்துவிட்டுத்தான் வர வேண்டும். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, தம்பியின் அப்பாவைப் பார்க்க அவன் ஊருக்குப் போகிறோம். மனு பற்றி எதுவும் பேசப் போவதில்லை. முதலில் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு வரலாம் என்று இருக்கிறோம்.